தனிக்கணக்கும் மொத்தக் கணக்கும்

புனேயின் கட்கியில், படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலை ஒரே கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறாள். ஒரு கணினிக்குள் இருக்கும் பல செயலிகளுள் ஒன்று, 'நான் எந்தச் செயலி?' என்பதை எவ்வளவு குறைந்த உழைப்பில் அறிந்துகொள்ள முடியும் என்பதே அக்கேள்வி. முதலில் கேட்பவர்க்கு இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் இயக்குதளத்தின் கெர்னல் இக்கேள்வியை ஒரு நொடியில் இலட்சக்கணக்கான முறை கேட்க நேரிடுகிறது. விடை காண ஆகும் செலவு சிறிதாயினும், கணினி செய்யும் ஒவ்வொரு வேலையிலும் அது சேர்ந்துகொண்டே போகிறது.

கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான்கு செயலிகள் உள்ள கணினி ஒன்றில், வலையமைப்பின் வழியே வந்துசேரும் பொதிகளை எண்ண வேண்டும் என்று கொள்வோம். எளிய வழி, நினைவகத்தில் ஒரே ஓர் எண்ணை வைத்து, பொதி வரும்போதெல்லாம் அதனுடன் ஒன்றைக் கூட்டுவது. ஆனால் செயலி எதுவும் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை மட்டும் தனியே எடுப்பதில்லை. இன்றைய பெரும்பாலான செயலிகளில் 64 பைட்டுகள் கொண்ட ஒரு துண்டை, அதாவது ஒரு 'கேஷ் வரி'யை, தன் அருகிலுள்ள கேஷுக்குள் கொண்டுவந்துதான் வேலை செய்கிறது. ஒரு செயலி அந்த வரியில் எழுத வேண்டுமானால், மற்றச் செயலிகள் தம்மிடமுள்ள பிரதிகளைக் கைவிட வேண்டும். நான்கு செயலிகளும் மாறிமாறி எழுதினால் அந்த வரி நால்வருக்கும் இடையே ஓயாமல் அலைகிறது. கூட்டுவதற்கு ஆகும் நேரம் அற்பம். அந்த வரி வந்துசேரக் காத்திருக்கும் நேரமே பெரிது. பூட்டு போட்டாலும், பிளவுபடாத கூட்டல் கட்டளையைக் கையாண்டாலும், கணக்குப் பிழைபடாமல் இருக்குமே தவிர இந்த அலைச்சல் குறையாது. செயலிகளைக் கூட்டக் கூட நிலைமை மோசமாகிறது.

இதற்குக் கெர்னல் உருவாக்குநர்கள் கண்ட தீர்வு பழமையானது, எளிதானது: ஒவ்வொரு செயலிக்கும் தனி எண். அவரவர் தம் எண்ணில் மட்டும் கூட்டிக்கொள்வர்; மொத்தம் தேவைப்படும்போது எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் நான்கு எண்களையும் நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்தால் பழைய துன்பமே வேறு உருவில் திரும்பும். எட்டு பைட் அளவுள்ள எட்டு எண்கள் ஒரே கேஷ் வரியில் அடங்கிவிடுமாதலால், எண்கள் வேறாயினும் வரி ஒன்றாகவே இருக்கும். அது மீண்டும் அலையத் தொடங்கும். ஆகவே லினக்ஸ் கெர்னல் தொடங்கும்போதே ஒவ்வொரு செயலிக்கும் தனியான ஒரு நினைவகப் பகுதியை ஒதுக்குகிறது. எல்லாப் பகுதிகளின் உள்ளமைப்பும் ஒன்றே. ஒரு மாறி முதற்பகுதியில் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதே தொலைவில்தான் மற்றப் பகுதிகளிலும் இருக்கும். இத்தகைய மாறியைச் செயலிவாரி மாறி எனலாம். அதன் முகவரியைக் காண இரண்டு தகவல்கள் போதும்: மாறிக்குரிய தொலைவு, செயலிக்குரிய தொடக்கம். முதலாவது, நிரலைத் தொகுக்கும்போதே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, 'நான் எந்தச் செயலி?' என்னும் கேள்விக்கான விடை.

அந்த விடையைத் தருவதில் ஒவ்வொரு செயலிக் குடும்பமும் ஒவ்வொரு வழியைக் கொண்டிருக்கிறது. ஐபிஎம் பெருங்கணினிகளில் நினைவகத்தின் தொடக்க முகவரிகளே செயலிக்குச் செயலி வேறிடத்தைக் குறிக்குமாறு வன்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒரே முகவரியை இரண்டு செயலிகள் கேட்டால் இரண்டும் தத்தம் பகுதியையே காணும். பவர் செயலிகளில் 13-ஆம் ரிஜிஸ்டரை லினக்ஸ் இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறது. 64-பிட் ஆர்ம் செயலிகளில் கெர்னலுக்கென அமைந்த தனி ரிஜிஸ்டர் ஒன்று இந்தத் தொடக்கத்தைச் சுமக்கிறது. எக்ஸ்86 குடும்பத்தின் கதை சற்று வேடிக்கையானது. 1985-இல் 80386 செயலியோடு வந்த எஃப்எஸ், ஜிஎஸ் என்னும் இரண்டு துண்டு ரிஜிஸ்டர்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் வேலையற்றுக் கிடந்தன. ஏஎம்டி நிறுவனம் 64-பிட் வடிவத்தை வகுத்தபோது மற்றத் துண்டு ரிஜிஸ்டர்களின் தொடக்க முகவரிகளைப் பொருளற்றவையாக்கிவிட்டு, இவ்விரண்டை மட்டும் விட்டுவைத்தது. பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் வாயிலில் ஜிஎஸ்ஸின் மதிப்பை மாற்றிக்கொள்வதற்கென 'ஸ்வாப்ஜிஎஸ்' என்னும் தனிக் கட்டளையையும் சேர்த்தது. அதன் பயனாக, 64-பிட் எக்ஸ்86 கெர்னலில் செயலிவாரி எண்ணில் ஒன்றைக் கூட்ட ஒரே ஒரு கட்டளை போதும்.

'ஒரே கட்டளை' என்பது விரைவை மட்டும் குறிப்பதன்று. கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை எந்த நொடியிலும் நிறுத்தப்பட்டு வேறொரு செயலிக்கு மாற்றப்படலாம். 'நான் மூன்றாம் செயலியில் இருக்கிறேன்' என்று அறிந்த கணத்துக்கும், மூன்றாம் செயலியின் எண்ணில் கூட்டும் கணத்துக்கும் இடையே அந்த மாற்றம் நேர்ந்தால், வேலை முதலாம் செயலியில் இருந்துகொண்டு மூன்றாம் செயலியின் கணக்கில் கைவைக்கும். இருவர் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் எழுத, ஒருவர் கூட்டியது மறைந்துபோகும். அறிதலும் கூட்டுதலும் ஒரே கட்டளைக்குள் நடந்துவிட்டால் இந்த இடைவெளியே இல்லை. குறுக்கீடு அக்கட்டளைக்கு முன்போ பின்போதான் நுழைய முடியும். பல கட்டளைகள் தேவைப்படும் இடத்தில், இடையில் எவரும் நுழையாதபடி குறுக்கீடுகளைத் தடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. தடுப்பதற்கும் செலவு உண்டு, திறப்பதற்கும் செலவு உண்டு.

கட்கிப் பெண்ணின் மேசையில் இருப்பது நான்கு உள்ளகங்கள் கொண்ட ரிஸ்க்-ஃபைவ் பலகை. கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய இந்தச் செயலி வடிவமைப்பை உரிமத்தொகை இன்றி எவரும் கையாளலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும், சி-டாக் நிறுவனத்தின் வேகா செயலிகளும் இதனைத் தழுவியவையே. இந்த வடிவமைப்பில் கெர்னல் தனக்கெனக் காத்துவைத்திருக்கும் ரிஜிஸ்டர் 'டிபி' என்பது. அதுவோ செயலியைச் சுட்டுவதில்லை. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைச் சுட்டுகிறது. ஆகவே லினக்ஸின் பொதுவழியில் செயலிவாரி எண் ஒன்றில் ஒன்றைக் கூட்ட இவ்வளவு நடக்க வேண்டும்: குறுக்கீடுகளைத் தடு, டிபி சுட்டும் வேலையின் குறிப்பேட்டிலிருந்து செயலி எண்ணைப் படி, அந்த எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் தொடக்க முகவரியைத் தேடு, தொலைவைக் கூட்டு, எண்ணை எடு, ஒன்று சேர், திரும்ப வை, குறுக்கீடுகளைத் திற. எக்ஸ்86 ஒரு சொல்லில் முடித்ததை இங்கே ஒரு பத்தியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. அட்டவணையில் தேடிக் காணும் தொடக்க முகவரியை, வேலை ஒரு செயலியில் ஏற்றப்படும்போதே அதன் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டால் ஒரு தேடல் மிஞ்சும். எடுத்தல், கூட்டல், வைத்தல் மூன்றையும் பிளவுபடாமல் செய்யும் கட்டளை ரிஸ்க்-ஃபைவிலேயே இருப்பதால், அதைக் கையாண்டால் குறுக்கீடுகளை முற்றிலும் தடுக்க வேண்டியதில்லை. வேலை வேறு செயலிக்கு மாறாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இவை அவளுடைய கண்டுபிடிப்புகள் அல்ல. லினக்ஸ் உருவாக்குநர்களிடையே பேசப்பட்டுவரும் வழிகளே. அவற்றால் எந்த வகை வேலைக்கு எவ்வளவு ஆதாயம், எந்த வகைக்கு ஆதாயமே இல்லை என்று முறையாக அளப்பதே அவள் எடுத்துக்கொண்ட பணி.

அவளுடைய நெறியாளர் ஒருநாள் நியாயமான ஒரு கேள்வியை முன்வைத்தார். சில கட்டளைகள் குறைவதைக் காட்டுவதற்கு ஆய்வேட்டில் ஓர் இயலா? உதவித்தொகைக் காலம் முடிய ஓராண்டே எஞ்சியிருக்கிறது. இன்னும் பெரிதாகக் கண்ணுக்குப் படும் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன? அவர் வற்புறுத்தவில்லை, முடிவை அவளிடமே விட்டுவிட்டார். அதனாலேயே முடிவெடுப்பது கடினமாயிற்று.

அவளுடைய தந்தை தொழிற்சாலைப் பண்டகசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணினியின் உட்புறம் அவருக்குத் தெரியாது, கணக்கு தெரியும். பண்டகசாலையில் ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டை தொங்கும். அதற்குப் பெயர் பின் கார்டு. அந்த அடுக்கிலிருந்து ஒரு திருகாணி வெளியே போனாலும், ஒரு பெட்டி உள்ளே வந்தாலும், எடுத்தவரோ வைத்தவரோ அங்கேயே நின்று அந்த அட்டையில் எழுதிவிட வேண்டும். அலுவலகத்தில் லெட்ஜர் தனியே இருக்கும். மகள் தன் தடுமாற்றத்தைச் சொன்னபோது அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்:

"நாலு பேர் வேலை செய்யற இடத்துல எல்லாரும் ஒரே லெட்ஜருக்கு வரிசையில நிக்கணும்னா வேலை எப்படிம்மா நடக்கும்? அடுக்குக்கு அடுக்கு கார்டு மாட்ட வேண்டியதுதானே?"

"கார்டு மாட்டியாச்சுப்பா. ஆனா நான் இப்ப எந்த அடுக்கு முன்னாடி நிக்கறேன்னு தெரிஞ்சுக்கவே ஒவ்வொரு தடவையும் ஆபீஸுக்குப் போய் ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு வரவேண்டியிருக்கு. மத்த கம்பெனிக் கட்டடத்துல அடுக்கு நம்பரை அடுக்கு மேலேயே எழுதியிருக்காங்க."

"அப்போ கார்டு மாட்டினதுல பாதிப் பலன் போயிடுச்சே" என்றார் அவர்.

நூல்களில் பல பக்கங்களில் விளக்கப்படும் சிக்கலின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பிரித்துக்கொடுப்பதால் கிடைக்கும் ஆதாயம், தன் பங்கு எது என்பதை அறியும் செலவில் கரைந்துவிடக் கூடாது. ஆயினும் அவர் அதோடு நிற்கவில்லை. "மொத்தம் எவ்வளவு இருக்குன்னு மேலே கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார்.

இந்த இரண்டாம் கேள்வி முதலாவதைவிட ஆழமானது. தனித்தனியே எண்ணுவோர் விரைவைப் பெறுகிறார்கள். மொத்தம் என்ன என்பதை உடனுக்குடன் அறியும் உறுதியை இழக்கிறார்கள். நான்கு அட்டைகளையும் படித்து முடிப்பதற்குள் முதல் அட்டையில் எண் மாறியிருக்கலாம். லினக்ஸ் கெர்னலில் இதற்கொரு சமரசம் இருக்கிறது. ஒவ்வொரு செயலியும் தன் தனிக்கணக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு சேரும்வரை பொதுக்கணக்கைத் தொடுவதில்லை; அளவு எட்டியதும் மொத்தமாகக் கொண்டுபோய்ப் பொதுக்கணக்கில் சேர்த்துவிடுகிறது. சிறிய கணினிகளில் அந்த அளவு பொதுவாக 32. நான்கு செயலிகள் இருந்தால் பொதுக்கணக்கு உண்மையிலிருந்து விலகியிருக்கக்கூடியது 128-க்குள் அடங்கும். செயலி ஒன்று நிறுத்தப்பட்டால் அதன் கையிலிருக்கும் மிச்சக் கணக்கும் பொதுக்கணக்கில் சேர்க்கப்படுகிறது. செயலிவாரிக் கணக்குகளைத் திறம்பட நடத்தும் இத்தகைய முறைகளைப் பற்றி 2000-களின் தொடக்கத்தில் உழைத்தவர்களுள் பெங்களூரின் ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த திபாங்கர் சர்மாவும் ரவிகிரண் திருமலையும் உண்டு. இத்துறையின் அடித்தளத்தில் இந்தியக் கைகள் முன்பே இருந்திருக்கின்றன.

விலகல் எங்கே பொறுக்கத்தக்கது, எங்கே பொறுக்கத்தகாதது என்பதற்கு நல்ல சான்று எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை அது செயலிவாரியாகவே கணக்கிடுகிறது. இடம் தாராளமாக இருக்கும்வரை தோராயமான பொதுக்கணக்கே போதும் என்று விட்டுவிடுகிறது. மிச்சம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், எல்லாச் செயலிகளின் தனிக்கணக்குகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டி மெய்யான எண்ணைக் கண்ட பிறகே இடம் தருகிறது. அந்த வரம்பும் கண்மூடித்தனமாக வைக்கப்பட்டதன்று. ஒரு செயலி தன்னிடம் வைத்துக்கொள்ளும் அளவைச் செயலிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மேலும் நான்கால் பெருக்கியது அது. ஏற்படக்கூடிய பிழையைவிடப் பல மடங்கு தள்ளி நின்று எச்சரிக்கையடைகிறது.

இதை மகள் விளக்கியபோது தந்தை வியக்கவில்லை. சரக்கு நிறைய இருக்கும் நாளில் லெட்ஜரைப் பார்த்தே பதில் சொல்வார்கள்; சரக்கு குறைந்தபட்ச அளவை நெருங்கினால் லெட்ஜரை நம்பமாட்டார்கள், அடுக்குக்கே போய்க் கையால் எண்ணுவார்கள் என்றார். மென்பொருள் நிபுணர்கள் எழுதிய அதே விதியை, ஒருவரையொருவர் அறியாமலே, பண்டகசாலைக்காரர்களும் வைத்திருந்தார்கள். தவறான எண்ணால் தீங்கு நேரும் இடம் எது என்று இருவரும் சிந்தித்திருக்கிறார்கள். அதனால் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

இக்கேள்வியோடு இந்த வட்டாரத்துக்கு வேறோர் உறவும் உண்டு. கட்கியை அடுத்த கணேஷ்கிண்டில், புனே பல்கலைக்கழக வளாகத்தில்தான் 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனம் இந்தியாவின் முதல் மீத்திறன் கணினியை உருவாக்கியது. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் விரும்பிய கணினியை வாங்க முடியாத நிலையில், விஜய் பட்கர் தலைமையில் உருவான பரம் 8000 1991-இல் வெளிவந்தது. அதன் உள்ளே இருந்தவை பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். அவற்றிடையே பொதுவான நினைவகம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம். ஒன்றோடொன்று பேச நான்கு இணைப்புகள். அலைந்து திரியும் கேஷ் வரி என்ற சிக்கலே அங்கில்லை. அந்தச் சில்லின் கட்டளை அமைப்பு மேலும் கவனிக்கத்தக்கது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் சொந்த இடத்தைச் சுட்டும் ரிஜிஸ்டர் ஒன்று எப்போதும் அதில் இருந்தது. அங்கிருந்து முதல் 16 சொற்களுக்குள் அமைந்த எந்த மாறியையும் ஒரே பைட் நீளமுள்ள கட்டளையால் எடுத்துவிடலாம். 'என்னுடையது' என்பதை அணுகுவது மிக மலிவாக இருக்க வேண்டும் என்று அதை வடிவமைத்தவர்கள் முதலிலேயே முடிவுசெய்திருந்தார்கள்.

பிற்காலக் கணினிகள் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான நினைவகத்தைத் தந்தன. நிரல் எழுதுவோர்க்கு அது பெரும் வசதி. ஆனால் அந்தப் பொதுமைக்குள்ளேயே மீண்டும் வேலி கட்டி, அவரவர்க்கெனத் தனியிடம் வகுத்துக்கொள்ள வேண்டிய தேவை கெர்னலுக்கு வந்தது. செயலிவாரி மாறிகள் அந்த வேலிதான். பரம் 8000-இல் வன்பொருளின் இயல்பாக இருந்த தனிமையை இன்று மென்பொருள் உழைத்து உண்டாக்குகிறது. அந்த உழைப்பு எவ்வளவு என்பது, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ரிஜிஸ்டரை விட்டுவைத்தவர்களின் அல்லது விட்டுவிட்டவர்களின் முடிவைப் பொறுத்திருக்கிறது.

ஒரு செயலியின் கட்டளை அமைப்பு வெளியான பின், அதை நம்பிக் கோடிக்கணக்கான நிரல்வரிகள் எழுதப்பட்ட பின், ஒரு ரிஜிஸ்டரின் பணியை மாற்றுவது எளிதன்று. சக்தியும் வேகாவும் போன்ற செயலிகள் இந்நாட்டில் உருவாகிவரும் காலத்தில், எந்தச் சிறிய செலவு எத்தனை இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று அளந்து எழுதிவைப்பவர்கள் தேவை. வாங்கிய கணினியில் அந்தச் செலவு விதிக்கப்பட்டது. நாமே வடிவமைக்கும் கணினியில் அது நாம் தேர்ந்துகொள்வது. தேர்வு நம் கையில் இருக்கும்போது அளவுகளும் நம் கையில் இருக்க வேண்டும்.

அவள் அந்த இயலைக் கைவிடவில்லை. பெரிதாக்கிக் காட்டவும் இல்லை. கோப்புகளைப் படிப்பதிலும் கணிப்பிலுமே நேரத்தைச் செலவிடும் நிரல்களுக்கு இந்த மாற்றங்களால் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை என்பதை இயலின் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள். சிறுசிறு பொதிகளை இடையறாது கையாளும் வேலைகளில், நினைவகத்தைக் கணந்தோறும் பெற்றுத் திருப்பிக் கொடுக்கும் வேலைகளில் மட்டும் வேறுபாடு தெரிகிறது என்று வரையறுத்திருக்கிறாள். நான்கு உள்ளகங்களில் கண்டதை அறுபத்துநான்கு உள்ளகங்களுக்கு நீட்டிச் சொல்வது பொருந்தாது என்றும் குறித்திருக்கிறாள். நெறியாளர் படித்துவிட்டு, அந்த முதற்பக்கம் இருப்பதால்தான் மற்றப் பக்கங்களை நம்ப முடிகிறது என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

இத்தகைய உழைப்பின் பயனை நுகர்வோர் அதை ஒருபோதும் அறியமாட்டார்கள். கைப்பேசியில் பணம் அனுப்புபவரும், மருத்துவமனையின் கணினியில் பெயர் பதிபவரும், நொடியில் ஒரு நுண்பகுதி மிச்சமானதை உணரப்போவதில்லை. பண்டகசாலையிலிருந்து போன திருகாணி எந்த வண்டியில் பொருத்தப்பட்டது என்று பின் கார்டில் எழுதியவருக்கும் தெரிந்ததில்லை. தம் அட்டையில் தாம் எழுதியது சரியா என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அத்தனை அட்டைகளும் சரியாக இருந்தால்தான் கணக்குக் கேட்கப்படும் நாளில் மொத்தமும் சரியாக வரும்.